ஜாங்கோவில் மைக்ரேஷன் கோப்புகள் பெருகிவிட்டால்: உடைக்காமல் சுருக்கும் முறை

பைத்தான் மொழியில் வலைத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோவில் எழுதிய பெரிய திட்டம் ஒன்று நாலைந்து ஆண்டு ஓடிவிட்டால், ஒவ்வொரு ஆப்பின் (திட்டத்தின் உட்பகுதி) மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரிலும், டேட்டாபேஸ் அமைப்பின் மாற்றங்களைப் பதியும் கோப்புகள் குவிந்து கிடக்கும். 0001-இல் தொடங்கிய எண் 0140-ஐத் தாண்டியிருக்கும். ஒரு கோப்பு டேபிளை உருவாக்கும், பத்தாவது கோப்பு அதன் பெயரை மாற்றும், நாற்பதாவது அதை நீக்கியே விடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இதைப் பார்த்ததும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே கோப்பாக எழுதிவிடலாமே என்று கை பரபரக்கும். செய்யலாம். ஆனால் வரிசை தப்பினால் அடுத்த டெப்ளாயில் புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் அப்படியே நின்றுவிடும். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறோம்.

ஜாங்கோ 4.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். உதாரணத்துக்கு ஆர்டர்ஸ், பேமெண்ட்ஸ் என்ற இரண்டு ஆப்புகள். ஆர்டர்ஸில் 140 கோப்புகள்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

பின்தங்கி நிற்கும் டேட்டாபேஸை முன்னால் கொண்டுவரத்தான் மைக்ரேஷன் கோப்பு இருக்கிறது. உங்கள் புரொடக்‌ஷன், ஸ்டேஜிங், சக டெவலப்பர்களின் மடிக்கணினி என எந்த இடத்திலும் 0120-ஐ எட்டாத ஒரு டேட்டாபேஸும் இல்லை என்றால், முதல் 120 கோப்புகளும் தனித்தனியாக இருக்க வேண்டிய தேவை போய்விட்டது. வெறுமையிலிருந்து புதிய டேட்டாபேஸ் கட்ட மட்டுமே அவை உதவும். அதற்கு ஒரு கோப்பு போதும். எந்த டேட்டாபேஸ் எங்கே நிற்கிறது என்ற கணக்குதான் சுருக்கும் வேலைக்கு அடிப்படை.

அந்தக் கணக்கை ஜாங்கோ, ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் என்ற டேபிளில் வைத்திருக்கிறது. ஆப்பின் பெயர், கோப்பின் பெயர், ஓடிய நேரம், அவ்வளவுதான் அதில் இருக்கும். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, பெயர் மட்டுமே தெரியும். பின்னால் வரும் தவறுகளில் பெரும்பாலானவை, கோப்பும் டேபிளும் வெவ்வேறு பெயர்களைச் சொல்வதால் வருபவை.

சுருக்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

கோப்பு நிறைய இருப்பது மட்டும் ஒரு நோய் அல்ல. என்ன தொந்தரவு தருகிறது என்று பாருங்கள். வெறுமையான டேட்டாபேஸில், மைக்ரேஷன்களை ஓட்டும் மைக்ரேட் கட்டளையை --வெர்போசிட்டி 2 என்று கொடுத்து ஓட்டினால், ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை வினாடி ஆனது என்று எதிரே வரும். அநேகமாக நேரத்தைத் தின்பது ரன்பைத்தான் (பைத்தான் ஃபங்ஷன் ஒன்றை ஓட்டும் ஆபரேஷன்) இருக்கும் கோப்புகளாக இருக்கும். அந்த ஃபங்ஷனுக்குப் பழைய மாடல்களை (டேபிள்களைக் குறிக்கும் பைத்தான் வகுப்புகள்) கொடுப்பதற்காக, அந்தக் கட்டத்தில் திட்டம் முழுவதும் இருந்த எல்லா மாடல்களையும் ஜாங்கோ நினைவில் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. டேட்டாபேஸில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு.

டெஸ்ட் ஓட நேரமாகிறது என்பதுதான் ஒரே குறை என்றால், எளிய வழி உண்டு. சொந்தக் கணினியில் டெஸ்ட் கட்டளைக்கு --கீப்டிபி சேருங்கள். பழைய டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்காமல் புதிய கோப்புகளை மட்டும் ஓட்டும். அல்லது டேட்டாபேஸ் அமைப்பின் டெஸ்ட் பகுதியில் மைக்ரேட் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால், மைக்ரேஷன்களை விட்டுவிட்டு மாடல்களிலிருந்து நேராக டேபிள்களைக் கட்டும். 3.1 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆனால் நேரடி எஸ்க்யூஎல்லை ஓட்டும் ரன்எஸ்க்யூஎல் மூலம் போட்ட டிரிக்கர், வியூ, தொடக்கத் தரவு எதுவும் அந்த டெஸ்ட் டேட்டாபேஸில் இருக்காது. ஆகவே சிஐ-யில் (தானாக ஓடும் சோதனை அமைப்பு) ஒரு வேலையாவது எல்லா மைக்ரேஷன்களையும் முழுதாக ஓட்டட்டும்.

வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது

கடைசிக் கோப்புவரை சுருக்காதீர்கள். இன்று திறந்திருக்கும் பிராஞ்சுகள் எல்லாம் கடைசிக் கோப்பைச் சார்ந்து நிற்கும். 140 இருந்தால் 120 வரை சுருக்கி, மீதி 20-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். சுருக்கி, பழைய கோப்புகளையும் அழித்துவிட்ட பிறகு இடையில் உள்ள ஒரு புள்ளிக்குத் திரும்பிப் போகவும் முடியாது. மைக்ரேட் ஆர்டர்ஸ் 0087 என்று கேட்டால், அந்தப் பெயரில் கோப்பே இருக்காது. ஆகவே ரோல்பேக் தேவைப்படலாம் என்று நினைக்கிற காலத்துக்கு வெகுமுன்னே வெட்டுங்கள்.

ஒவ்வொரு சூழலிலும் ஷோமைக்ரேஷன்ஸ் ஆர்டர்ஸ் ஓட்டி, 0120-க்கு நேரே, ஓடிவிட்டது என்பதைக் காட்டும் எக்ஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் மறந்துவிடுகிற சூழல்கள் உண்டு: விற்பனைக் குழுவின் டெமோ சர்வர், ஆறு மாதமாகத் தொடாத வாடிக்கையாளர் நிறுவல், பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்த பிரதி. பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

ஸ்குவாஷ் கட்டளை

பைத்தான் மேனேஜ்.பிஒய் ஸ்குவாஷ்மைக்ரேஷன்ஸ் ஆர்டர்ஸ் 0120

பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கும் கட்டளை இது. உறுதி கேட்கும், சரி என்றதும் 0001_ஸ்குவாஷ்டு_0120 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு பிறக்கும். பழைய கோப்புகள் அழியாது, அழியவும் கூடாது. புதிய கோப்பின் தலையில் எந்தக் கோப்புகளுக்குப் பதிலாக வந்தது என்று சொல்லும் ரீப்ளேசஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் 120 பெயர்களும். எத்தனை ஆபரேஷன்கள் எத்தனையாகக் குறைந்தன என்பதையும் திரையில் சொல்லும். ஃபீல்டைச் சேர்க்கும் ஆட்ஃபீல்டு, அதை மாற்றும் ஆல்டர்ஃபீல்டு எல்லாம் டேபிளை உருவாக்கும் கிரியேட்மாடலுக்குள் போய் ஒடுங்கிவிடும். உருவாக்கி நீக்கிய டேபிள் இருந்த சுவடே தெரியாது.

எதிர்பார்த்த அளவு குறையவில்லையா? காரணம் ரன்பைத்தானும் ரன்எஸ்க்யூஎல்லும். அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஜாங்கோவுக்குத் தெரியாததால், அவற்றைத் தாண்டி எதையும் நகர்த்தாது. சுவர் எழுப்பியதுபோல் இரண்டு பக்கமும் தனித்தனியாகத்தான் சுருங்கும். பழைய கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றையும் பாருங்கள். இருந்த தரவைத் திருத்த மட்டும் எழுதியதா? காலி ஃபீல்டை நிரப்பியது, தொலைபேசி எண்ணின் வடிவத்தை மாற்றியது போன்றவை? புதிய டேட்டாபேஸில் திருத்த ஒன்றுமே இல்லை. எலிடபிள்=ட்ரூ என்று அந்த ஆபரேஷனில் சேர்த்துவிட்டு, பிறந்த கோப்பை அழித்து, கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்; ஜாங்கோ அதைக் கைவிட்டுவிடும். மாறாக, நாடுகளின் பட்டியலைப் போடுவது, அனுமதிக் குழுக்களை உருவாக்குவது, எக்ஸ்டென்ஷன், டிரிக்கர் எழுதுவது ஆகியவை புதிய டேட்டாபேஸுக்கும் வேண்டும். அவற்றில் எலிடபிள் போடக் கூடாது. இந்த இரண்டு வகையைப் பிரிப்பதுதான் இந்த வேலையில் மனிதர் மட்டுமே செய்யக்கூடிய பகுதி. அரை நாள் ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள்.

கையால் திருத்த வேண்டியவை

பிறந்த கோப்பை அப்படியே கமிட் செய்யாதீர்கள். மிச்சம் நிற்கும் ரன்பைத்தான் ஒவ்வொன்றும் பழைய கோப்பில் உள்ள ஃபங்ஷனையே சுட்டிக்கொண்டிருக்கும். பழைய கோப்பின் பெயர் எண்ணில் தொடங்குவதால், அந்த வரி பைத்தான் இலக்கணப்படியே பிழை. எந்தெந்தக் கோப்புகளின் ஃபங்ஷன்களை நகலெடுக்க வேண்டும் என்று ஜாங்கோவே மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். அவற்றையும் அவை பயன்படுத்தும் இம்போர்ட்களையும் புதிய கோப்புக்குள் கொண்டுவந்து, பெயரைத் திருத்துங்கள்.

அடுத்தது அட்டாமிக், அதாவது கோப்பு முழுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனாக (முழுதாக நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது) ஓடுவது. பெரிய டேபிளில் பூட்டுப் போடாமல் இண்டெக்ஸ் கட்ட, ஆட்இண்டெக்ஸ்கன்கரன்ட்லி என்ற ஆபரேஷனை அட்டாமிக்=ஃபால்ஸ் என்ற கோப்பில் எழுதியிருப்பீர்கள். ஸ்குவாஷ் கட்டளை அந்த அட்டாமிக் வரியைக் கொண்டுவராது. டிரான்சாக்‌ஷனுக்குள் இதை ஓட்ட முடியாது என்று புதிய கோப்பு நின்றுவிடும். தீர்வு எளிது: புதிய கோப்பில் அதை வெறும் ஆட்இண்டெக்ஸ் ஆக்குங்கள். காலி டேபிளில் பூட்டைப் பற்றிக் கவலை இல்லை.

மூன்றாவது சிக்கல் போஸ்ட்கிரெஸுக்கே உரியது. புதியவர்களை நிறையக் குழப்பும். முன்பு ஒரு கோப்பு தரவைப் போட்டது, அடுத்த கோப்பு அதே டேபிளின் அமைப்பை மாற்றியது. இரண்டும் தனித்தனி டிரான்சாக்‌ஷன். இப்போது இரண்டும் ஒரே கோப்பில், ஒரே டிரான்சாக்‌ஷனில். ஜாங்கோ போடும் ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் இணைப்பு) சோதனைகள் கமிட் வரை தள்ளி வைக்கப்படுபவை. சோதனை பாக்கி இருக்கும் டேபிளில் ஆல்டர் டேபிள் ஓட்ட போஸ்ட்கிரெஸ் மறுக்கும். பென்டிங் டிரிக்கர் ஈவென்ட்ஸ் இருக்கிறது என்று பிழை வரும். தரவு போடும் ஆபரேஷன்களை எல்லா அமைப்பு மாற்றங்களுக்கும் பின்னால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் கோப்பை இரண்டாக்கி, தரவை இரண்டாவதில் வையுங்கள்.

வட்டச் சார்பு வந்தால்

ஆர்டர்ஸ் 0045 பேமெண்ட்ஸ் 0010-ஐச் சார்ந்திருக்கிறது. பேமெண்ட்ஸ் 0003 ஆர்டர்ஸ் 0020-ஐச் சார்ந்திருக்கிறது. தனித்தனியாக இருந்தவரை சிக்கல் இல்லை. ஆர்டர்ஸை ஒரே கோப்பாக்கியதும், அது பேமெண்ட்ஸ் 0010-க்குப் பின்னால் ஓட வேண்டும், பேமெண்ட்ஸ் 0003-க்கு முன்னாலும் ஓட வேண்டும். சர்குலர் டிபென்டன்சி எரர் வரும்.

வட்டத்தை உண்டாக்கும் அந்த ஃபாரின் கீயைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் கோப்பை இரண்டாக வெட்டுங்கள். முதல் கோப்பின் ரீப்ளேசஸில் 0001 முதல் 0044 வரை, இரண்டாவதில் 0045 முதல் 0120 வரை. பேமெண்ட்ஸ் மீதான சார்பு இரண்டாவதில் மட்டும் இருக்கட்டும். ஸ்குவாஷ் கட்டளைக்கே தொடக்கப் பெயரும் முடிவுப் பெயரும் கொடுத்து இதைச் செய்யலாம். எங்கே வெட்டுவது என்று தெரியாவிட்டால், தனிப் பிராஞ்சில் இரண்டு ஆப்புகளின் மைக்ரேஷன்களையும் அழித்து, மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டிப் பாருங்கள். ஜாங்கோ எந்த ஃபாரின் கீயைப் பிரித்துத் தனிக் கோப்பில் வைக்கிறது என்று பார்த்துவிட்டு, பிராஞ்சை வீசிவிடலாம்.

சரிபார்ப்பு

இரண்டு காலி டேட்டாபேஸ்களை உருவாக்குங்கள். ஒன்றில் ஸ்குவாஷுக்கு முந்தைய கமிட்டை வைத்து மைக்ரேட் ஓட்டுங்கள், மற்றதில் புதியதை. இரண்டிலும் பிஜி_டம்ப் --ஸ்கீமா-ஒன்லி எடுத்து, டிஃப் போட்டு வேறுபாடுகளைப் பாருங்கள். நெடுவரிசைகளின் வரிசை மாறியிருக்கும். ஆட்ஃபீல்டு கிரியேட்மாடலுக்குள் போனதால் அது இயல்பு. பெயர் சொல்லாமல் நெடுவரிசைகளை வரிசைப்படி நம்பி எழுதிய எஸ்க்யூஎல் எங்காவது இருந்தால் மட்டும் கவனியுங்கள். மற்றபடி ஒரு இண்டெக்ஸோ, கன்ஸ்ட்ரெயின்டோ, டிரிக்கரோ குறைந்தால் அது உண்மையான பிழை. பிறகு மேக்மைக்ரேஷன்ஸ் --செக் --டிரை-ரன் ஓட்டி, மாற்றம் எதுவும் இல்லை என்று வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, புரொடக்‌ஷன் பேக்கப்பின் பிரதியில் மைக்ரேட் ஓட்டுங்கள். ஒரு டேபிளும் மாறக் கூடாது, ஜாங்கோ_மைக்ரேஷன்ஸில் ஸ்குவாஷ் கோப்பின் பெயர் மட்டும் புதிய வரியாகச் சேர வேண்டும்.

முதல் வெளியீடு

இப்போது பழைய 120 கோப்புகளும் புதிய ஒன்றும் சேர்ந்தே வெளியாகும். ஜாங்கோ ஒவ்வொரு டேட்டாபேஸையும் பார்த்து முடிவெடுக்கும். 120-ம் ஓடியிருந்தால், ஸ்குவாஷும் ஓடிவிட்டதாகக் கணக்கிடும். ஒன்றுகூட ஓடவில்லை என்றால் ஸ்குவாஷை மட்டும் ஓட்டும். பாதி ஓடியிருந்தால் ஸ்குவாஷைக் கண்டுகொள்ளாமல் பழைய கோப்புகளையே தொடரும். அதனால் இந்த வெளியீடு யாரையும் உடைக்காது.

இங்கே ஒரு நுணுக்கம். ஸ்குவாஷின் பெயர் டேபிளில் எழுதப்படுவது மைக்ரேட் கட்டளை உண்மையாகவே ஓடும்போதுதான். சில டெப்ளாய் ஸ்கிரிப்ட்கள் முதலில் மைக்ரேட் --செக் போட்டு, ஓட்ட எதுவும் இல்லை என்றால் மைக்ரேட்டைத் தவிர்த்துவிடும். 120-ம் ஓடிய டேட்டாபேஸில் --செக் கேட்டால், ஓட்ட எதுவும் இல்லை என்றுதான் சொல்லும். விளைவு, பெயர் பதிவாகாது. பல வாரம் கழித்து இரண்டாவது வெளியீட்டில்தான் அது வெடிக்கும். இந்த வெளியீட்டில் ஒவ்வொரு சூழலிலும் மைக்ரேட்டை ஒருமுறை கட்டாயம் ஓட்டுங்கள். பதிவு ஆகாமல் இருந்தால், புதிய பதிப்புகளில் ஷோமைக்ரேஷன்ஸ் எக்ஸ் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி காட்டும்.

இரண்டாவது வெளியீடு

எல்லாச் சூழல்களிலும் ஸ்குவாஷின் பெயர் பதிவாகிவிட்டது என்று உறுதியான பிறகே இது. அவசரம் எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்தும் செய்யலாம். உங்கள் ஆப்பைப் பிறர் நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாகத் தருகிறீர்கள் என்றால் இன்னும் நீண்ட காலம் விடுங்கள். இடைப்பட்ட பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்று வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதுங்கள்.

செய்ய வேண்டியது மூன்று. 120 பழைய கோப்புகளை அழிக்க வேண்டும். அவற்றைச் சார்ந்திருந்த கோப்புகளின் டிபென்டன்சீஸை ஸ்குவாஷின் பெயருக்கு மாற்ற வேண்டும். 0121 மட்டுமல்ல, மற்ற ஆப்புகளில் ஆர்டர்ஸ் 0020 என்று எழுதியதும்தான். பிறகு ஸ்குவாஷ் கோப்பிலிருந்து ரீப்ளேசஸ் பட்டியலை எடுத்துவிட வேண்டும். பழைய பெயர்களைத் திட்டம் முழுவதும் தேடுங்கள், டெப்ளாய் ஸ்கிரிப்ட்களிலும் மைக்ரேஷன்களுக்கான டெஸ்ட்களிலும் ஒளிந்திருக்கும். இதோடு ஸ்குவாஷ் கோப்பு சாதாரணக் கோப்பாகிவிடுகிறது. ஜாங்கோ 6.0-க்கு முந்தைய பதிப்புகளில், இந்த நிலைக்கு வராமல் அதை மறுபடி ஸ்குவாஷ் செய்ய முடியாது.

டேபிளில் பழைய 120 பெயர்களும் கிடக்கும். கெடுதல் இல்லை, ஆனால் பின்னாளில் அதே பெயரில் ஒரு கோப்பு பிறந்தால் ஏற்கெனவே ஓடிவிட்டது என்று ஜாங்கோ நம்பிவிடும். மைக்ரேட் ஆர்டர்ஸ் --ப்ரூன் அவற்றைத் துடைத்துவிடும். ரீப்ளேசஸ் பட்டியலை எடுக்காமல் இதை ஓட்டினால் மறுத்துவிடும், அது உங்கள் நன்மைக்கே.

பெயர் பதிவாகாத டேட்டாபேஸ் ஒன்று இந்த வெளியீட்டைச் சந்தித்தால்? 0121-ம் அதற்குப் பின்னாலும் ஓடியிருக்கும், அவற்றின் தாய்க் கோப்பு ஓடவில்லை என்று டேபிள் சொல்லும். இன்கன்சிஸ்டென்ட் மைக்ரேஷன் ஹிஸ்டரி என்ற பிழையோடு எல்லாம் நிற்கும். பதற்றத்தில் டேபிளில் கைவைத்து வரி சேர்க்காதீர்கள். முதல் வெளியீட்டின் கமிட்டுக்குத் திரும்பி, மைக்ரேட் ஓட்டி, பிறகு முன்னே வாருங்கள். பழைய பேக்கப்பை மீட்டெடுக்கும்போதும் இதே வழிதான். அதனால் அந்தக் கமிட்டுக்கு கிட்டில் ஒரு டேக் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து நள்ளிரவில் பேக்கப்போடு போராடும் ஒருவருக்கு அந்த டேக் பேருதவி.

அடுத்த குவியலைத் தவிர்க்க

ஒரு பிராஞ்சில் வேலை செய்யும்போது நாலைந்து கோப்புகள் பிறப்பது இயல்பு. அவை மெயினுக்குப் போவதற்கு முன் ஒன்றாகட்டும்: மைக்ரேட் ஆர்டர்ஸ் 0140 என்று பின்னே வந்து, உங்கள் கோப்புகளை அழித்து, மேக்மைக்ரேஷன்ஸை ஒருமுறை ஓட்டுங்கள். 4.2 முதல் மேக்மைக்ரேஷன்ஸ் --அப்டேட் என்றால், புதிய மாற்றத்தைக் கடைசிக் கோப்புக்குள்ளேயே சேர்த்துவிடும். உங்கள் கணினிக்கு வெளியே ஓடிவிட்ட கோப்பில் இதைச் செய்யக் கூடாது.

ஃபீல்டின் ஹெல்ப்_டெக்ஸ்ட், சாய்சஸ் மாறினால்கூட ஒரு கோப்பு பிறக்கும். எஸ்க்யூஎல்மைக்ரேட் போட்டுப் பார்த்தால், டேட்டாபேஸில் செய்ய ஒன்றுமில்லை என்றே காட்டும். அதற்கென்று தனிக் கோப்பு வேண்டாம், அதே பிராஞ்சின் வேறு மாற்றத்தோடு சேர்த்துவிடுங்கள். தரவைத் திருத்தும் ரன்பைத்தான் எழுதும்போதே எலிடபிள்=ட்ரூ போடுங்கள்; எதற்காக எழுதினோம் என்பது அன்றைக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். பல லட்சம் வரிகளைத் திருத்தும் வேலையை மைக்ரேஷனில் வைக்காமல் தனிக் கட்டளையாக எழுதுவது இன்னும் நல்லது.

இருவர் ஒரே நேரத்தில் 0141 எழுதினால், இரண்டு நுனிகள் உள்ளன என்று ஜாங்கோ புகார் செய்யும். மேக்மைக்ரேஷன்ஸ் --மெர்ஜ் அதைத் தீர்க்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வெற்றுக் கோப்பைக் கூட்டும். ஜாங்கோ-லீனியர்-மைக்ரேஷன்ஸ் என்ற பேக்கேஜ் ஒவ்வொரு ஆப்பிலும் மேக்ஸ்_மைக்ரேஷன்.டிஎக்ஸ்டி என்று ஒரு சிறு கோப்பை வைத்து, கடைசி மைக்ரேஷனின் பெயரை அதில் எழுதும். இருவரும் அதை மாற்றுவதால் கிட்டிலேயே மோதல் தெரிந்துவிடும். ரீபேஸ்_மைக்ரேஷன் கட்டளை இரண்டாவது ஆளின் கோப்பை 0142 ஆக்கி, முதல் ஆளின் கோப்புக்குப் பின்னால் கோத்துவிடும்.